அட்டியலைப் பிரித்துப் பாருங்கள்: தங்கத்துக்கும் கல்லுக்கும் விலை எப்படி வருகிறது?

எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் வங்கிப் புத்தகத்துக்கு முன்பிருந்தே இருந்த சேமிப்பு அம்மாமாரின் தோடும் தாலியும்தான். பள்ளிக்கூடச் செலவென்றால் அவை ஹட்டனுக்கு அடகுக்குப் போகும். தீபாவளிக்குத் திரும்பி வரும், சில வருடம் வராது.

நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருடம் அம்மாவோடு அப்படி ஓர் அடகுக் கடைக்குப் போனேன். அட்டியலைத் தராசில் வைத்தார்கள்: 16 கிராம். உடனே கல்லுக்கும், கல் பதிக்க உள்ளே வைத்த அரக்குக்கும் என்று 3 கிராமைக் கழித்தார்கள். "ரெண்டு பவுணுன்னுதானே தம்பி வாங்குனேன்" என்றார் அம்மா. அடகுக்காரர் ஏமாற்றவில்லை. வாங்கிய அன்றே அந்த 3 கிராமுக்கும் தங்க விலை கொடுத்திருந்தோம், அது எங்களுக்குத் தெரியாது. விலை கேட்பதற்கு முன் நகையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு யாராவது எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கலாம்.

படி 1: இரண்டு "கரட்"டையும் பிரியுங்கள்

தங்கத்தில் கரட் என்றால் சுத்தம். 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. 22 கரட்டில் 22 பங்கு தங்கம், மீதி 2 பங்கு செம்பும் வெள்ளியும். ஆயிரத்துக்கு 916 என்பதால்தான் நகையில் 916 என்று பொறிக்கிறார்கள். 18 கரட்டுக்கு 750.

கல்லில் கரட் என்றால் எடை. ஒரு கரட் 0.2 கிராம், ஐந்து கரட் ஒரு கிராம். சொல் ஒன்றுதான், பொருள் வேறு.

படி 2: தங்கத்தை மட்டும் கணக்குப் போடுங்கள்

நம் நாட்டுக் கணக்கில் ஒரு பவுண் 8 கிராம். கணக்கு எளிதாக வர, 24 கரட் ஒரு கிராம் 24,000 ரூபா என்று வைப்போம் (இது இன்றைய விலையல்ல). அப்போது 22 கரட் கிராம் 22,000, 18 கரட் கிராம் 18,000. அம்மாவின் அட்டியலை 16 கிராமாகக் கணக்கிட்டால் 352,000 ரூபா, 13 கிராமாகக் கணக்கிட்டால் 286,000 ரூபா. இடையில் இருக்கும் 66,000 ரூபா கல்லென்று பதித்திருந்த கண்ணாடிக்கும் அரக்குக்கும் கொடுத்தது.

கல் வைத்த நகை வாங்கும்போது "கல் எடை எவ்வளவு, தங்க எடை எவ்வளவு" என்று கேட்டு, இரண்டையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை.

படி 3: பொறிப்பை நம்புவதற்கு முன் தண்ணீரில் பாருங்கள்

916 என்ற பொறிப்பு ஒரு வாக்குறுதிதான். உரைகல்லில் உரசினாலும் மேல் தோல் மட்டுமே தெரியும். கனமாக முலாம் பூசிய பொருள் அதில் தப்பிவிடும். கல் இல்லாத, உள்ளே கூடு இல்லாத கனமான காப்பு என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு வேண்டும்.

முதலில் காப்பை நிறுங்கள். பிறகு ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். காப்பை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் காப்பின் எடையை வகுங்கள். 22 கரட் என்றால் விடை 17.8க்குப் பக்கத்தில் வரும். 18 கரட் 15.5 அளவில் நிற்கும். முலாம் பூசிய செம்பு 9ஐ ஒட்டி இருக்கும். 16 கிராம் காப்பு தண்ணீரில் ஏறக்குறைய 0.90 காட்ட வேண்டும். மூக்குத்தி, சின்ன மோதிரத்துக்கு இது சரிவராது, தராசின் சிறு பிழையே விடையைப் புரட்டிவிடும். விடை மோசமாக வந்தால் பொருள் சந்தேகத்துக்குரியது. நல்லதாக வந்தாலும் விற்கிற நேரத்தில் ஒரு பத்தரிடம் காட்டத்தான் வேண்டும்.

படி 4: செய்கூலி, சேதாரம்

இரண்டும் உழைப்புக்கும் வேலையில் கழிகிற தங்கத்துக்குமான காசு. அணிகிறவருக்கு அந்த வேலைப்பாட்டில் பெறுமதி உண்டு, அடகுத் தராசுக்கு இல்லை. சேமிப்பாக வாங்குவதென்றால் வேலைப்பாடு குறைந்த காப்போ சங்கிலியோ எடுங்கள். ஒட்டு அதிகமுள்ள பழைய சங்கிலியை உருக்கினால் சுத்தம் சற்றுக் குறைவாக வரலாம். ஒட்ட வைக்கும் பொடியில் தங்கம் குறைவு.

படி 5: கல்லைப் பாருங்கள்

பொறுமை வேண்டிய இடம் இது. தங்கத்தில் ஒரு கிராமும் இன்னொரு கிராமும் ஒன்றே. கல்லில் ஒன்றைப் போல இன்னொன்று கிடையாது. மலைப் பாறைகள் காலங்காலமாகச் சிதைந்து, கற்கள் ஆற்றோரச் சரளையில் தங்குகின்றன. அந்தச் சரளைப் படுகைக்குக் குழிவேலைக்காரர்கள் "இல்லம்" என்பார்கள். இரத்தினபுரியில் மட்டுமல்ல, பொகவந்தலாவைப் பக்கம் கெசல்கமு ஓயாக் கரையிலும் இப்படித் தோண்டுகிறார்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டுவது குற்றம், வாங்குகிறவரும் அதைக் கேட்க வேண்டும்.

விலையில் முதலிடம் நிறத்துக்கு. நீலக்கல் கறுப்படிக்காமல், வெளிறாமல், நடுத்தர ஆழத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். கடையின் குவி விளக்கில் பார்க்காதீர்கள். வாசலுக்கு வந்து, வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊரில் மூட்டம் போட்ட பகலின் வெளிச்சமும் இதற்கு நல்லது. பிறகு கல்லைப் பக்கவாட்டில் திருப்புங்கள். இலங்கை நீலத்தில் நிறம் ஓர் இடத்தில் மட்டும் திட்டாக இருப்பதுண்டு. கெட்டிக்கார வெட்டுக்காரர் அந்தத் திட்டை அடிமுனையில் வைத்துவிடுவார். மேலிருந்து முழுக்க நீலமாகத் தெரியும், பக்கத்திலிருந்து வெள்ளை தெரியும். அது மோசடியல்ல, வெட்டுக் கலை. முழுக்க நிறம் ஊறிய கல்லின் விலையைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

அடுத்தது உள்ளே இருக்கும் குறைகள். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று வாங்குங்கள். மெல்லிய ஊசிகள், மேகம் போன்ற படலம் இருந்தால் பயப்படாதீர்கள், அது கல் மண்ணில் பிறந்ததற்கு அடையாளமாக இருக்கலாம். பெரிய கல், துளி மாசில்லை, விலையும் மலிவு என்றால்தான் பயப்பட வேண்டும். தீச்சுடரில் செயற்கைக் கெம்பு (சிவப்பு மாணிக்கம்) செய்யும் முறையைப் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் 1902லேயே அறிவித்துவிட்டார். அத்தகைய கல்லுக்குள் வளைந்த கோடுகளோ உருண்டைக் குமிழிகளோ தெரியும். இயற்கைக் கல்லின் நிறக்கோடுகள் நேராகவும் கோணமாகவும் ஓடும். பாட்டி காலத்துக் கெம்பு என்பதால் அது மண்ணிலிருந்து வந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

எடையில் ஒரு விசேஷம். ஒரே தரத்தில் இரண்டு கரட் கல், ஒரு கரட் கல்லின் இரு மடங்கு விலை அல்ல, அதற்கும் மேலே போகும். பெரிய நல்ல கல் அரிது என்பதே காரணம்.

பிறகு சூடு. "கெவுடா" என்ற பால் நிறக் கற்களை ஒரு காலத்தில் நம் நாட்டில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிப் போய், மிக உயர்ந்த சூட்டில் வாட்டி நீலமாக்கினார்கள். சூட்டில் உள்ளிருக்கும் ஊசிகள் கரைந்து, அவற்றிலிருந்த டைட்டேனியம் இரும்போடு சேர்ந்து நீலத்தைத் தருகிறது. சூடேற்றிய கல் உண்மையான கல்தான், ஆனால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். அதே அழகுள்ள சூடேற்றாத கல்லுக்கு விலை மிக அதிகம். விரிசலில் கண்ணாடி ஊற்றிய கெம்பு வேறு சங்கதி, எலுமிச்சம்பழச் சாறு பட்டாலே அது கெட்டுப்போகும்.

பெயரிலும் ஏமாறுவோம். சோதிடர் புஷ்பராகம் போடச் சொல்வார். கடையில் மஞ்சள் நீலக்கல் (நீலக்கல்லின் இனத்திலேயே மஞ்சளாக இருப்பது), டோபாஸ், சிட்ரின் மூன்றையுமே அந்தப் பெயரில் காட்டுவார்கள். மூன்றும் வேறு வேறு கனிமங்கள், விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். முதலாவதுதான் கொரண்டம் என்ற கனிமம், மாணிக்கத்தின் குடும்பம்.

படி 6: தாளில் வாங்குங்கள்

மேலே சொன்னவை சந்தேகப்படக் கற்றுத்தரும், தீர்ப்புச் சொல்லாது. பெரிய காசு கொடுப்பதற்கு முன் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிலோ நம்பகமான ஆய்வுகூடத்திலோ கல்லைச் சோதித்துச் சான்றிதழ் பெறுங்கள். அதில் கல்லின் இனம், இயற்கையா செயற்கையா, சூடேற்றியதா என்பவற்றைத் தேடுங்கள். எழுதியிருக்கும் எடையும் உங்கள் கையிலிருக்கும் கல்லின் எடையும் ஒன்றா என்று நிறுத்துப் பாருங்கள்.

அடகு வைக்கும்போதும் துண்டில் தங்க எடை, கரட், மீட்கும் தேதி எல்லாவற்றையும் வாசித்துவிட்டு வாங்குங்கள். அம்மாவின் அட்டியல் மீண்டு வந்து இப்போது வீட்டில்தான் இருக்கிறது. டப்பாவுக்குள் அம்மா தன் கையெழுத்தில் ஒரு துண்டு வைத்திருக்கிறார்: "மொத்தம் 16. தங்கம் 13. கல்லு கண்ணாடி."