ஒரே கான்செர்ட்டோ, நான்கு பதிவுகள்: ஒப்பிட்டுக் கேட்கும் முறை

கச்சேரி கேட்டுப் பழகிய காது, இரண்டு வித்வான்களின் தோடியை ஒப்பிடும்போது யார் எந்தப் பிடியை எங்கே வைத்தார் என்றுதான் முதலில் தேடும். பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைப் படைப்பான பியானோ கான்செர்ட்டோவில் அந்தத் தேடல் பெரும்பாலும் பலிக்காது. ஏனெனில் ஸ்வரங்கள் அனைத்தும் முன்பே எழுதப்பட்டவை, எல்லோரும் அவற்றையே வாசிக்கிறார்கள். வேறுபாடு காலப்பிரமாணத்தில் இருக்கிறது, விரலின் அழுத்தத்தில் இருக்கிறது, பியானோவும் இசைக்குழுவும் ஒன்றுக்கொன்று இடம் விடுவதில் இருக்கிறது. அரை மணி நேரப் படைப்பை முழுதாகக் கேட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்கினால் இவை எதுவும் நினைவில் தங்காது. ஆகவே ஒரே ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதையே நான்கு பேர் வாசிக்கக் கேட்பதுதான் வழி.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைப்பது பீத்தோவனின் நான்காம் கான்செர்ட்டோ. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் அவரே பியானோவில் அமர்ந்து அரங்கேற்றிய படைப்பு இது. அக்கால வழக்கப்படி இசைக்குழு முன்னுரை சொல்லவேண்டிய இடத்தில், பியானோ தனியாக, மெல்லிய குரலில், ஐந்தே அளவுகள் (தாளத்தின் சிறு சுற்றுகள், ஆங்கிலத்தில் bar) பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. ஒப்பீட்டுக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது.

பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது காலமும் மனப்போக்கும் விலகி நிற்பவற்றை எடுப்பது நல்லது. பியானோ கலைஞர் ஆர்டர் ஷ்னாபெல் 1933-இல் இசைக்குழுவை நடத்திய மால்கம் சார்ஜென்ட்டுடன் செய்தது, லியோன் ஃப்ளைஷர் 1959-இல் ஜார்ஜ் செல்லின் கிளீவ்லாந்து இசைக்குழுவுடன் செய்தது, வில்ஹெல்ம் கெம்ப்ஃப் 1961-இல் ஃபெர்டினாண்ட் லைட்னர் நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் செய்தது, பழங்காலப் பியானோவில் ராபர்ட் லெவின் ஜான் எலியட் கார்டினருடன் செய்தது ஆகிய நான்கும் ஓராண்டுக் காலம் கேட்கப் போதுமானவை. தேடும்போது பியானோ கலைஞரின் பெயரை மட்டும் நம்பக்கூடாது. கெம்ப்ஃப் இதே படைப்பை அதற்கு முன்பே மோனோவிலும் (ஒற்றைத் தட ஒலியில்) பதிவு செய்திருக்கிறார். செயலிகள் காட்டும் ஆண்டு பல வேளைகளில் மறுவெளியீட்டு ஆண்டாகவே இருக்கும் என்பதால், இசைக்குழு, அதை நடத்தியவர், பதிவான ஆண்டு ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அறை. வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கு நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சல் நாள் முழுவதும் வந்துகொண்டேயிருக்கும். அதைவிடப் பெரிய பகை தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி. அந்த முதல் ஐந்து அளவுகளின் மென்மையில் பாதியை மின்விசிறி விழுங்கிவிடும். வேலூரின் அக்னி நட்சத்திர நாட்களில் பகலில் அதை நிறுத்திவிட்டு உட்கார எவராலும் முடியாது என்பதால், கோடையில் என் ஒப்பீடுகளெல்லாம் விடியற்காலை நான்கரை மணிக்கு, ஹெட்ஃபோனுடன்தான் நடக்கின்றன.

ஒலியளவைச் சமப்படுத்துவதை எவரும் தவிர்க்கக்கூடாது. ஒருமுறை இரண்டு குறுந்தகடுகளை மாற்றி மாற்றிப் போட்டு, அவற்றில் ஒன்றுதான் உயிருள்ள வாசிப்பு என்று நண்பரிடம் அடித்துப் பேசினேன். அந்தத் தகடு சற்று உரக்கப் பதிவாகியிருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை என்று ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது. கொஞ்சம் உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என்று நம்பும் பலவீனம் எல்லாக் காதுக்கும் உண்டு. இசைக்குழு முழங்கும் இடத்தில் ஒலியளவைச் சரிசெய்வதும் தவறு, ஏனென்றால் பழைய பதிவுகளில் மென்மைக்கும் முழக்கத்துக்கும் இடைவெளி குறைவு. எந்தப் பகுதியை ஒப்பிடப் போகிறோமோ அந்தப் பகுதியிலேயே சமன் செய்ய வேண்டும்.

இனி அந்த ஐந்து அளவுகள். முதல் ஸ்வரக்கூட்டின் எல்லா ஸ்வரங்களும் ஒரே கணத்தில் விழுகின்றனவா, அல்லது வீணையில் தந்திகளை வருடுவதுபோலக் கீழிருந்து மேலாகப் பிரிந்து வருகின்றனவா? தொடர்ந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கூட்டுகள் ஒரே எடையில் இருக்கின்றனவா, ஏதேனும் ஒன்றை நோக்கிச் சாய்கின்றனவா? ஐந்தாவது அளவின் முடிவில் எவ்வளவு கார்வை? பிறகு தந்தி வாத்தியங்கள், ஜி மேஜரை விட்டு பி மேஜரில், அதாவது முதல் ஸ்ருதியின் காந்தாரத்தையே புதிய ஷட்ஜமாகக் கொண்டு, இன்னும் மெல்லிய குரலில் நுழைகின்றன. பியானோ விட்ட காலப்பிரமாணத்தை அவை அப்படியே எடுத்துக்கொள்கின்றனவா, அல்லது நடத்துபவர் தன் கணக்கைத் தொடங்குகிறாரா என்பதுதான், என் மதிப்பில், இந்தப் படைப்பின் எந்தப் பதிவிலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி. இருவருக்கும் ஒத்துப்போகிறதா என்பது அந்த ஒரு கணத்திலேயே தெரிந்துவிடும். ஒத்துப்போகாமலும் கச்சேரி நடந்திருக்கிறது: 1962 ஏப்ரலில் நியூயார்க்கில் பிராம்ஸின் முதல் கான்செர்ட்டோவை பியானோ கலைஞர் கிளென் கூல்டு வாசிப்பதற்கு முன், இசைக்குழுவை நடத்திய லெனார்ட் பெர்ன்ஸ்டைன் அவையோரிடம் திரும்பி, இந்த வாசிப்பு முறையில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டே கோலை எடுத்தார்.

இரண்டாம் பகுதி ஐந்து நிமிட அளவிலான உரையாடல். தந்திகள் ஒரே குரலில் அதட்டுகின்றன, பியானோ கெஞ்சுகிறது. இங்கே ஒவ்வொரு பதிலுக்கும் முன்னுள்ள மௌனத்தை மட்டும் கவனித்தால் போதும்.

முதற்பகுதியின் இறுதியில் வரும் கடென்ஸா நமக்குப் பழகிய தனி ஆவர்த்தனத்தைப் போன்றது. இசைக்குழு மௌனமாக அமர்ந்திருக்க, பியானோ தனித்து விரிந்து, முடிவில் இரு ஸ்வரங்கள் விரைந்து மாறி மாறி ஒலிக்கும் ஒரு நீண்ட அசைவொலியின் மூலம் மற்றவர்களைத் திரும்ப அழைக்கும். கோர்வை வைத்துப் பல்லவிக்குத் திரும்புவதுபோல. பீத்தோவன் இதற்கு எழுதிவைத்த கடென்ஸாக்கள் உண்டு, ஆனால் கெம்ப்ஃப் வாசிப்பது தாமே இயற்றியது. எனவே இந்த இடத்தில் வாசிப்பை ஒப்பிடுகிறோமா, இயற்றியதை ஒப்பிடுகிறோமா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

ஷ்னாபெலின் பதிவுக்குத் தனிச் சலுகை தர வேண்டும். அது 78 சுழற்சித் தட்டுகளுக்காக, பக்கத்துக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலாக, துண்டு துண்டாகப் பதிவானது. பின்னணியில் தொடர்ந்து கேட்கும் கீறலொலி வாசித்தவரின் குறையல்ல. இரண்டு நாள் அதை மட்டுமே கேட்டால் காது அந்தக் கீறலை விலக்கிவிடும்.

கடைசியாக, வீட்டில் யாரையேனும் பெயர் சொல்லாமல் பதிவுகளை மாற்றி ஓடவிடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாக்கியம் நோட்டில் எழுதி, பத்து நாள் கழித்து வரிசையை மாற்றி மறுபடியும் எழுதிப் பார்க்க வேண்டும். என் நோட்டில் ஒரே பதிவுக்கு நேரே முதல் முறை "அவசரம்" என்றும் இரண்டாம் முறை "தெளிவு" என்றும் இருக்கிறது. இரண்டையும் நான் அடிக்கவில்லை.