வான்படத்தில் பழைய இரும்புக் குழிகளைத் தேடுவது எப்படி?

வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு மேசையே இதற்குப் போதும். கூகுள் எர்த், ஒரு பூதக்கண்ணாடி, கொஞ்சம் பொறுமை.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பழங்காலத்தில் இரும்புத்தாது மேலாகக் கிடைத்த இடத்தில் குழி தோண்டி எடுத்தார்கள். வெட்டிய மண்ணைப் பெரும்பாலும் வாயைச் சுற்றியே கொட்டினார்கள். குழி தூர்ந்த பிறகு நடுவில் பள்ளமும் சுற்றிலும் விளிம்புமாக, மேலிருந்து பார்த்தால் உழுந்து வடை போலத் தெரியும்.

படி 1: கண்ணைப் பழக்குங்கள். இதற்குத் தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்ட் பகுதி நல்ல பள்ளிக்கூடம். ரோமர் வருவதற்கு முன்பே அங்கே இரும்பு உருக்கினார்கள். மரங்களை நீக்கித் தரையை மட்டும் காட்டும் லைடார் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காட்டுக்குள் அம்மைத் தழும்பு போலக் குழிகள் நெருங்கிக் கிடப்பதை அரை மணி நேரம் பாருங்கள்.

படி 2: நிழல். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். நிழல் படத்தின் மேற்பக்கமாக விழுந்தால் நம் கண் பள்ளத்தை மேடாகப் படித்துவிடும். அதனால் பக்கத்திலுள்ள ஒரு தென்னை மரத்தின் நிழலை வைத்துச் சூரியன் எந்தப் பக்கம் என்று பிடியுங்கள். சூரியன் இருக்கும் பக்கத்து உட்சுவர் இருண்டிருந்தால் பள்ளம்; எதிர்ப்பக்கம் இருண்டிருந்தால் மேடு. அப்படியும் குழம்பினால் படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். நம் நாட்டில் ஏப்ரல் மாத நண்பகல் படங்களால் பயனில்லை. சூரியன் உச்சியில் நிற்பதால் நிழலே இராது. காலை, மாலைப் படங்களைத் தேடுங்கள்.

படி 3: அளவு. நாரஹேன்பிட்டியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் பழைய வான்படங்கள் வாங்கலாம். 20,000க்கு 1 என்ற அளவுப் படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது 20 மீட்டர். 5 மீட்டர் குழி கால் மில்லிமீட்டர்தான், வெறும் புள்ளி. பூதக்கண்ணாடி அதற்குத்தான்.

படி 4: ஒற்றைக் குழியை விட்டுவிடுங்கள். தாது படிந்திருக்கும் வாட்டத்தில், சரிவை ஒட்டி வரிசையாகவோ கொத்தாகவோ குழிகள் இருந்தால் மட்டும் குறியுங்கள்.

படி 5: சந்தேகப்படுங்கள். இரத்தினபுரிப் பக்கம் நான் ஆசையாகக் குறித்த 11 குழிகளைப் பழைய வருடப் படத்தில் தேடினேன். அங்கே வெறும் வயல்தான். எல்லாம் புது மாணிக்கக் குழிகள்! செங்கல்லுக்குக் களிமண் எடுத்த குழி, கரையோரத்தில் தேங்காய் மட்டை ஊறப்போடும் குழி, கபுக் கல் (வீடு கட்டும் செம்பூரான் கல்) வெட்டிய இடம் எல்லாமே இப்படி ஏமாற்றும். வீல்டில் என்றால் இரண்டாம் உலகப் போரின் குண்டுப் பள்ளங்கள்.

அப்புறம், சுற்றுப்புறத்தில் இரும்பு உருக்கிய தடம் உண்டா என்று பாருங்கள். பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவவில், மேற்கு நோக்கிய சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப் 1990களில் ஆராய்ந்தார்; கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. இப்படி உலையோ, உருக்கியபின் மிஞ்சும் கசடான இரும்புக் கிட்டமோ கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் குழிகள் இருந்தால் நம்பிக்கை கூடும். அப்போதும் வரைபடத்தில் ‘இரும்புக் குழியாக இருக்கலாம்’ என்றே எழுதுங்கள்.

நேரில் போனால் மண்வெட்டி வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அகழ்வது குற்றம். கிட்டம் கண்ணில் பட்டாலும் எடுக்காமல், படமும் ஆள்கூறும் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்தில் காட்டுங்கள்.