பழைய டர்போ கார் சூடாகிறதா? பாகங்களை மாற்றுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்ஜின் சூடாகிறது என்றதும் முதல் வேலையாகப் புது ரேடியேட்டர் வாங்கி மாட்டுகிறார்கள். சூடு குறையாது. அப்புறம் வாட்டர் பம்ப், அதற்கும் பிறகு தெர்மோஸ்டாட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு). பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் காரில் பணம் கரைவது பெரும்பாலும் இப்படித்தான். ‘எப்போது சூடாகிறது?’ என்று முதலில் கேட்டுக்கொண்டால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறதென்றால் காற்றோட்டத்தைப் பாருங்கள்: ஃபேன், அதன் ரிலே, ஃபேனைச் சுற்றியுள்ள உறை. நிற்கும்போது சரியாக இருந்து நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், பம்ப் போதிய அளவு தள்ளாமல் இருக்கலாம், அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிப் போகலாம். பூஸ்ட் ஏறும்போது, அதாவது டர்போ காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும்போது, மட்டும் சூடாகிறதா? அது தனிக் கதை, கீழே வருகிறேன்.

டாஷ்போர்டு முள்ளை அப்படியே நம்புவது அடுத்த தவறு. பல பழைய கார்களில் அந்த முள் வெப்பத்துக்கு ஏற்பச் சீராக நகராது. 1990-களின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெப்பம் கணிசமாக மாறினாலும் முள் நடுவிலேயே நிற்கும். அது நகர்வது கண்ணில் படும்போது இன்ஜின் ஏற்கெனவே ஆபத்தான சூட்டில் இருக்கும். தனியாக ஒரு நல்ல சென்சாரும் எண் காட்டும் மீட்டரும் பொருத்துவதுதான் இந்த வண்டிகளுக்குச் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம் என்பேன். இன்னொன்று: கூலன்ட் கசிந்து அளவு இறங்கிவிட்டால் சென்சார் திரவத்தில் முழுகாமல் காற்றில் நிற்கும். அப்போது இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும் மீட்டர் குறைவாகக் காட்டலாம்.

இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளக்கும்போதும் கவனம் தேவை. பளபளக்கும் அலுமினியப் பரப்பில் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் அளந்து பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது பரவலான வைத்தியம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, ரேடியேட்டரைத் தவிர்த்துச் செல்லும் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றிவரும், சூடு கூடும். சந்தேகமிருந்தால் தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி, அதில் அச்சிட்ட வெப்பநிலையை ஒட்டித் திறக்கிறதா என்று பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை உயர்கிறது. சம பங்கு எத்திலீன் கிளைக்கால் கலவை சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஏறக்குறைய 1 பார் தாங்கும் மூடி இருந்தால் அது 125 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்த இடைவெளி முழுவதும் போய்விடும். இன்ஜின் ஆறியபின் பிரஷர் டெஸ்டர் வைத்து மூடியையும் அமைப்பையும் தனித்தனியே சோதியுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிடும்.

கூலன்ட் மாற்றியபின் காற்றை முழுதாக வெளியேற்றாமல் விடுவதும் நிறைய நடக்கிறது. டர்போவுக்கும் ஹீட்டருக்கும் போகும் ஹோஸ்கள் வளைந்து ஏறி இறங்குவதால் காற்று தங்க இடம் அதிகம். முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழி நிற்கும்வரை பொறுமையாக ஊற்றுங்கள். கசிவை அடைக்க ஊற்றும் மருந்தைத் தவிர்த்துவிடுங்கள். அது கசிவோடு ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது), ஏசி கண்டென்சர், ரேடியேட்டர் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் கார்களில் அழுக்கு சேர்வது அவற்றின் நடுவில். முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் சுத்தமாகவே தெரியும். முன்பக்கத்தின் அடியில் உள்ள தட்டு கழன்று தொலைந்த காரில் காற்று ரேடியேட்டரைச் சுற்றி நழுவிப் போய்விடும். இந்த மலிவான விஷயங்களைப் பார்க்காமல் பெரிய ரேடியேட்டர் தேடுவது வீண் செலவு.

சரி, பூஸ்டில் மட்டும் சூடாகும் வண்டிக்கு வருவோம். இங்கே பெரும்பாலோர் ஐட்லிங்கில் வைத்து, ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் ஆவியை ஒரு நீல திரவத்தின் வழியே இழுத்து ரசாயனச் சோதனை செய்கிறார்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் அந்த நீல திரவம் மஞ்சளாகும். மாறவில்லையென்றால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டர்போ இன்ஜினில் அந்த முடிவு செல்லாது. சிலிண்டர் அழுத்தம் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கேஸ்கெட் கசியலாம். ஆகவே நன்றாக பூஸ்டில் ஓட்டி வந்து, மூடியைப் பாதுகாப்பாகத் திறக்கும் அளவுக்கு ஆறியதும் சோதியுங்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும், ஓட்டி வந்ததும் கூலன்ட் நிரம்பி வழிந்து ஆறியபின் திரும்பி வராமல் இருந்தாலும் சந்தேகம் வலுக்கும். கேஸ்கெட் நன்றாக இருந்தால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, பாருங்கள். அது தாமதமாக இருந்தால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும், அந்தச் சூட்டில் ஒரு பங்கு ஹெட் வழியாகவும் டர்போ வழியாகவும் கூலன்ட்டுக்குத்தான் வரும். அப்படிப்பட்ட காரில் ரேடியேட்டரை எத்தனை முறை மாற்றினாலும் மூலக் காரணம் அப்படியே இருக்கும்.