ஹெல்மெட்டுக்குள் ப்ளூடூத் ஹெட்செட்: பாட்டு கேட்கணும்னா ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருக்கணும்

"சத்தமே வரலை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் ஹெட்செட் மேல் குற்றமில்லை. ஸ்பீக்கர் காதுத்துளைக்கு நேராக இல்லை, அவ்வளவுதான். ஒரு சென்டிமீட்டர் விலகினாலே பாஸ் (பாட்டின் தாழ்ந்த, கனமான ஒலி) காணாமல் போய்விடும்.

முதலில் கன்னப் பஞ்சுகளைக் கழற்றுங்கள். காதுக்கான பள்ளம் தெரியும். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, விரலை உள்ளே விட்டு, காதுத்துளை எங்கே வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பள்ளத்தின் நடுவில் வராது. கொஞ்சம் முன்னாலோ மேலோ இருக்கும். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு வெல்க்ரோவை ஒட்டுங்கள். பசை பிடிக்க ஒரு ராத்திரி விடுவது நல்லது.

ஸ்பீக்கர் காதை அழுத்தினால் அரை மணி நேரத்தில் வலி தொடங்கும். பள்ளம் ஆழமாக இருந்து ஸ்பீக்கர் காதைவிட்டு விலகி நின்றால், அதன் பின்னால் ஒரு பஞ்சு வையுங்கள். ஆழம் போதவில்லையென்றால் மெல்லிய ஸ்பீக்கர் வாங்குங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோலை மட்டும் சுரண்டாதீர்கள். விழும்போது அடியை வாங்குவது அதுதான்.

முழுமுக ஹெல்மெட்டுக்கு ஒட்டும் பட்டன் மைக். வாய்க்கு நேரே, தாடைப் பகுதியின் உட்பக்கம். தாடை தூக்கும் வகைக்கும் திறந்த முகத்துக்கும் தண்டு மைக். பஞ்சு உறை இல்லாவிட்டால் எதிரில் இருப்பவருக்குக் காற்று மட்டுமே கேட்கும்.

வயரைக் கன்னப் பஞ்சுக்குப் பின்னால் ஓட்டுங்கள். பட்டை பூட்டும் இடத்தில் சிக்கக்கூடாது. கட்டுப்பாட்டுப் பெட்டி இடப்பக்கம்: வலது கை ஆக்ஸிலேட்டரில் இருக்குமே. ஒலியை ஹாரன் கேட்கும் அளவுக்கு வையுங்கள். மழையில் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி திறந்திருக்கக்கூடாது.