வொஷிங் மெஷினில் தண்ணீர் நிற்காமல் ஏறுகிறதா? மலையக வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர் நிற்காமல் ஏறும் வொஷிங் மெஷினைக் கண்டதும் கை முதலில் பிளக்கைத்தான் தேடும். தேட வேண்டியது தண்ணீரை மூடும் சுவர் பைப்பை. தண்ணீரை உள்ளே விடும் வால்வ் மணல் சிக்கித் திறந்தே நின்றுவிட்டால், கரண்ட்டை எடுத்தாலும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. சில ப்ரன்ட் லோட் மெஷின்கள் அளவு மீறியதைக் கண்டவுடன் ட்ரேன் பம்பைத் தாமாகவே ஓடவிட்டு, வருகிற தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கினால் பம்ப் நின்றுவிடும், தண்ணீர் நிற்காது. ஆகவே முதலில் சுவர் பைப்பை மூடுங்கள், பிறகு சுவிட்ச்சை ஓப் செய்யுங்கள். தரை ஏற்கெனவே நனைந்திருந்தால் பிளக் பக்கம் போகாமல் மெயின் சுவிட்ச்சை இறக்கிவிடுங்கள்.

இரண்டாவது தவறு, காரணம் தெரியுமுன்பே மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகையை, அதாவது போர்ட்டை, மாற்றுவது. மலையகத்தில் இந்தக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் மெஷினுக்குள் இல்லை. பைப்பில் வருகிற தண்ணீரிலும், வீடு நிற்கிற சரிவிலும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ரிப்பேர் பாஸ் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

காரணம் தேடும்போது பைப்பை மறுபடி திறந்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே, தரை காய்ந்திருந்தால், பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் தண்ணீர் வந்தால் வால்வ் மூடவில்லை. நின்றுவிட்டால் வால்வ் சரி. அதற்குக் கட்டளை கொடுக்கும் பக்கத்தில், அதாவது தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சரில், அதன் டியூபில் அல்லது போர்ட்டில் பிழை. இனி டிரம்முக்குள் பாருங்கள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தும் மட்டம் ஏறவில்லையா? அப்படியென்றால் வருவது பிரச்சினையில்லை, போவதுதான் பிரச்சினை.

கானுக்குள் தொங்கும் ஹோஸ்

முதலில் அந்தப் போகிற தண்ணீரைப் பார்த்துவிடுவோம். சரிவில் கட்டிய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். மெஷின் குசினி மூலையில் நிற்கும். சுவரில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெளியே போகும் ட்ரேன் ஹோஸ், பின்பக்கம் இரண்டு மீற்றர் பள்ளத்தில் ஓடும் கானுக்குள் (வடிகாலுக்குள்) தொங்கும். பார்க்கச் சுத்தமான வேலைதான். ஆனால் மண்ணெண்ணெய்க் கேனில் டியூபைப் போட்டு ஒருமுறை உறிஞ்சிவிட்டால் கேன் காலியாகும்வரை எண்ணெய் தானாகவே வடியுமல்லவா, அதேபோல இந்த ஹோஸும் பம்ப் நின்ற பிறகும் தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே வருவதும் கீழே போவதும் சமமாகிவிட்டால் மெஷின் முடிவில்லாமல் நிரப்பும். வீட்டுத் தண்ணீர் டேங்க் காலியாகும், உடுப்பு மட்டும் கழுவப்படாது.

ப்ரன்ட் லோட் மெஷினிலும், பம்ப் உள்ள டொப் லோட் மெஷினிலும் ட்ரேன் ஹோஸ் தரையிலிருந்து ஓர் உயரத்துக்கு ஏறிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ப்ரன்ட் லோட்டுக்கு அது பொதுவாக 60 முதல் 100 சென்ரிமீற்றர். சரியான அளவு மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஆனால் ஏற்றிவிட்டு மறுபடி கானுக்குள் தொங்கவிட்டால் பயனில்லை, இழுப்பு நிற்காது. 2 அங்குல பீ.வீ.சி. பைப் ஒன்றைச் சுவரோடு நிமிர்த்தி, அதன் வாய் 70, 80 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும்படி பொருத்துங்கள். அந்த பைப்பின் அடி கானுக்குப் போகட்டும். ஹோஸின் வளைந்த நுனியை அதன் வாய்க்குள் 10 முதல் 15 சென்ரிமீற்றர் மட்டும் விட்டால் போதும். இங்கே பலர் செய்வது, நாற்றம் வருகிறதென்று ஹோஸைச் சுற்றித் துணியோ டேப்போ வைத்து அடைப்பது. காற்று புக வழியில்லாவிட்டால் மறுபடி அதே இழுப்புத்தான். அந்த இடைவெளி திறந்தே இருக்க வேண்டும்.

பம்ப் இல்லாத டொப் லோட் மெஷினுக்கு இது பொருந்தாது. அதன் ஹோஸ் தரையோடுதான் கிடக்க வேண்டும். தண்ணீரைப் பிடித்து வைப்பது அடியிலுள்ள ட்ரேன் வால்வ். அதற்குள் தலை கிளிப், பட்டன், நூல் சுருள் என்று ஏதாவது மாட்டினால் ரப்பர் முழுதாக உட்காராது. ஊறும் நேரத்தில் ஹோஸ் நுனியில் ஒழுக்கு இருந்தால் அதுதான்.

வலையைக் கழற்றி எறிவது

இந்தக் கட்டுரையில் ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று யாராவது மெஷின் பின்பக்க இன்லட் ஹோஸைக் கழற்றி, வால்வ் வாயிலுள்ள சின்ன வலையைக் குறட்டால் இழுத்து எறிந்துவிடுவார்கள். அன்றைக்குத் தண்ணீர் நன்றாக வரும். அடுத்த மழையோடு வால்வ் மூடாமல் போகும்.

வால்வுக்குள் ஒரு வட்ட ரப்பர்த் தகடு இருக்கிறது. அதன் ஓரத்தில் குண்டூசி முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை. பைப் தண்ணீர் அந்தத் துளை வழியாக ஏறி ரப்பருக்கு மேலே நிறைந்து, ரப்பரைக் கீழே அழுத்தி வழியை மூடுகிறது. வால்வின் கொயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) கரண்ட் கிடைத்தால் நடுவிலுள்ள இன்னொரு துளை திறந்து, மேலே தேங்கிய தண்ணீர் வடிந்து, ரப்பர் எழும்புகிறது. ஆக வால்வைத் திறப்பதுதான் கரண்ட். மூடுவது தண்ணீரின் அழுத்தம். ஓரத்துத் துளையில் சேறு அடைத்தால் மேலே தண்ணீர் நிறையாது, வால்வ் மூடாது. ரப்பர் உட்காரும் விளிம்பில் ஒரு மணல் கிடந்தால் ஒழுகும்.

ஊற்றிலிருந்து பைப்பில் இறங்கும் தண்ணீரும் பீலித் தண்ணீரும் வெயில் காலத்தில் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழையிலும், பதுளை, பசறை பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழையிலும் அதே பைப்பில் சிவந்த சேறும் மணலும் இலைத்துகளும் வரும். அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை வலையைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மீண்டும் மாட்டுங்கள். ஹோஸை மாட்டுமுன் அதன் நுனியை வாளிக்குள் பிடித்து பைப்பை அரை நிமிடம் திறந்துவிட்டால் ஹோஸுக்குள் கிடக்கும் மணலும் போய்விடும். டேங்க்கிலிருந்து வருவதென்றால், வெளியேறும் பைப் அடியோடு ஒட்டாமல் 5 முதல் 10 சென்ரிமீற்றர் மேலே இருக்கிறதா பாருங்கள். அடியில்தான் வண்டல் உட்காரும்.

வால்வ் மூடுவது தண்ணீரின் அழுத்தத்தால் என்பது புரிந்தால் இன்னொரு தவறும் விளங்கும். தண்ணீர் அதிகமாக ஏறுகிறதே என்று பைப்பைப் பாதி மூடி வைப்பார்கள். அழுத்தம் குறைந்தால் வால்வ் மூடும் பலமும் குறையும். ஒழுக்கு கூடுமே தவிர நிற்காது.

10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. சுவர் மேல் வைத்த டேங்க் வால்வுக்கு 2 மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.2 பார்தான். பல மெஷின்கள் குறைந்தது 0.5 பார், அதாவது 5 மீற்றர் உயரம் கேட்கின்றன (மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கரில் 0.05 மெகாபாஸ்கல் என்று இருக்கும்). வீட்டுக்குப் பின்னால் மேடு இருந்தால் டேங்க்கை அங்கே ஏற்றுவது பம்ப் வாங்குவதைவிட மலிவு. எதிர்ப்பக்கமும் உண்டு: மலை உச்சி ஊற்றிலிருந்து 100 மீற்றர் இறங்கி நேரே மெஷினுக்கு வரும் பைப்பில், தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அழுத்தம் 10 பாரைத் தொடும். 8 பார் வரை தாங்கும் வால்வும் ஹோஸும் அதற்கு ஈடுகொடுக்காது. நடுவில் போல் வால்வ் (மிதவை ஏறினால் மூடும் வால்வ்) போட்ட ஒரு சின்ன டேங்க் வைத்து அழுத்தத்தை உடைத்துவிடுங்கள்.

வால்வ் மாற்றும்போது மீட்டர் வைத்துக் கொயிலை மட்டும் பார்த்து, 3,000 முதல் 5,000 ஓம் காட்டுகிறது, வால்வ் நல்லது என்று முடிவு கட்டுவது வழக்கமான பிழை. கொயில் எரிந்தால் தண்ணீரே வராது, நிற்காமல் ஏறுவது அதனால் அல்ல. மூடாத வால்வின் கொயில் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய், எத்தனை வாய், நேரா வளைவா, 220–240 வோல்ட்டா என்று ஒப்பிட்டு வாங்குங்கள்.

டியூபில் வாய் வைத்து ஊதுவது

பிளக்கைக் கழற்றியதும் தண்ணீர் நின்றதென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது பென்சில் தடிமன் டியூப் ஒன்றை. தொட்டியின் அடியிலுள்ள காற்று அறையிலிருந்து மேலேயிருக்கும் சென்சருக்கு அது போகிறது. தண்ணீர் ஏற ஏற அறையில் அடைபட்ட காற்று நெருங்கும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் மெஷின் மட்டத்தை அறிகிறது. 30 சென்ரிமீற்றர் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் வெறும் 0.03 பார். ஊசித் துளை ஒன்று போதும், காற்று கசிந்து, தொட்டி காலி என்று மெஷின் நினைத்துக்கொள்ளும். கழுவும் நடுவில் திரும்பத் திரும்பத் தண்ணீர் எடுத்தால் இந்தக் கசிவைச் சந்தேகியுங்கள். டொப் லோட் மெஷினின் அடி திறந்திருந்தால் எலி இதைக் கடிக்கும். குளிர்காலத்தில் சூடு தேடி வருகிற எலிக்கு மோட்டருக்குப் பக்கத்து மூலை வசதியான இடம்.

ஒட்டுப் போடாதீர்கள். சுப்பர் குளூ காய்ந்து வெடிக்கும், டேப் காற்றைப் பிடிக்காது. நுனியில் வெடிப்பென்றால் 1 சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு மீண்டும் செருகலாம், நடுவில் என்றால் முழு டியூபையும் மாற்றுங்கள். தொய்வில்லாமல் மேல்நோக்கியே போக வேண்டும். தொய்ந்த இடத்தில் குளிருக்கு வியர்த்த நீர் தேங்கிக் காற்றை மறிக்கும்.

அடைப்பெடுக்க ஊதும்போது டியூபைச் சென்சரிலிருந்து கழற்றிவிட்டு, தொட்டிப் பக்கமாக மட்டும் மெல்ல ஊதுங்கள். சென்சரோடு சேர்த்து ஊதினால், அதிலும் டயர் கடைக் கொம்ப்ரஸரில் பிடித்தால், சென்சர் அன்றோடு சரி. தொட்டியில் தண்ணீர் இருக்கும்போதே டியூபைத் திரும்ப மாட்டுவதும் பிழை: அறைக்குள் ஏற்கெனவே தண்ணீர் புகுந்திருப்பதால் மெஷின் மட்டத்தைக் குறைத்தே கணக்கிடும், அடுத்த முறை வழிய வழிய நிரப்பும். முழுக்க வடித்துவிட்டே மாட்டுங்கள்.

இந்த அறை அடைபடுவதற்குப் பெரும்பாலும் சோப்புத்தூள்தான் காரணம். இங்குள்ள ஊற்றுத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர், கொஞ்சத் தூளிலேயே நுரை பொங்கும். நுவரெலியா மாதிரி இடத்தில் தண்ணீரின் குளிரில் தூள் முழுதாகக் கரையாமல் களியாகி அறைக்குள் ஒட்டும். பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியோடு தொடங்கி, தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள்.

மிச்சம் சில

பிளக்கைச் செருகியவுடன், பவர் பட்டனை அழுத்துமுன்பே தண்ணீர் பாய்ந்து, பிளக்கைக் கழற்றினால் நின்றால் அது போர்ட். மின்னல் காலத்தில், அதாவது மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் பின்னேரங்களில், பிளக்கைக் கழற்றி வைக்காத வீடுகளில் இப்படி நடக்கும். அது மின்வேலை தெரிந்தவரின் கைக்கு.

திரையில் வரும் எழுத்தை அடுத்த வீட்டு மெஷினோடு ஒப்பிடாதீர்கள். எல்.ஜி.யில் ஓ.ஈ. என்றால் தண்ணீர் வெளியேறவில்லை. பழைய சாம்சுங்கில் அதே ஓ.ஈ. தண்ணீர் அளவு மீறியதற்கு. எல்.ஜி.யில் அளவு மீறலுக்கு எப்.ஈ.

கம்பளி, ஜெர்சி போட்டால் மெஷின் இரண்டு மூன்று தடவை கூடுதலாகத் தண்ணீர் எடுக்கும். கம்பளி குடித்துவிட்டதால் மட்டம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான், பழுது அல்ல.

காலையில் டிரம்முக்குள் தண்ணீர் கிடந்தால் அடுத்த இரவு சுவர் பைப்பை மூடிவிட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் வால்வ் ஒழுகுகிறது. அப்போதும் தண்ணீர் கிடந்து அதில் சோற்றுப் பருக்கை மிதந்தால், அது சிங்க் பைப்போடு சேர்த்த ட்ரேன் ஹோஸ் வழியாகத் திரும்பி வந்தது. எந்த ரிப்பேர் முடிந்தாலும், பாஸ் கிளம்புமுன் பிளக்கைக் கழற்றி, பைப்பை முழுக்கத் திறந்து, கால் மணி நேரம் காலி டிரம்மைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.