லுவாவ் விருந்து: காசையும் மாலைப்பொழுதையும் வீணாக்கும் தவறுகள்

கொசு மருந்து, கேமரா சார்ஜ் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். லுவாவ் என்ற ஹவாய்ப் பாரம்பரிய விருந்துக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

இமு திறந்த பிறகு போய்ச் சேருவது

டிக்கெட்டில் உள்ள நேரத்தைச் சாப்பாட்டு நேரம் என்று நினைத்து நிதானமாகக் கிளம்புகிறார்கள். விருந்தின் உயிரே இமு என்ற குழியடுப்பில் இருக்கிறது. கியாவே விறகை (நம் சீமைக்கருவேலத்தின் உறவு மரம்) எரித்து எரிமலைக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். அதன்மேல் நசுக்கிய வாழைத்தண்டு. தண்டின் நீர்தான் ஆவியாகும். பிறகு பன்றி, 'டி' (ti) என்ற செடியின் இலை (தேயிலை அல்ல), ஈரச்சாக்கு, மண். பல மணி நேரம் வெந்ததும் ஒரே ஒரு முறைதான் திறப்பார்கள். மண்ணை வழித்துச் சாக்கை உரித்ததும் புகைமணத்தோடு ஆவி குப்பென்று எழும். கறி எலும்பைவிட்டுக் கழன்று நிற்கும். கொஞ்ச நேரத்தில் பன்றி சமையல்கட்டுக்குப் போய்விடும். தாமதமாக வந்தவருக்கு வெறுங்குழிதான்.

பயணிகள் தங்கும் வைகிகி கடற்கரையிலிருந்து, லுவாவ் நடக்கும் இடங்களில் ஒன்றான கோ ஒலினா சுமார் 40 கிலோமீட்டர். மாலையில் எச்-1 சாலையில் வேலை முடிந்த கூட்டமும் அதே மேற்குத் திசையில்தான் போகும். முக்கால் மணி நேரப் பயணம் ஒன்றரை மணி நேரமாக இழுக்கும். டிசம்பரில் 6 மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும். ஜூனில் 7 மணி தாண்டும். இமு திறக்கும் நேரமும் அதற்கேற்ப மாறலாம். அதனால் பணம் கட்டும் முன்பே இமு உண்டா, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேளுங்கள். நூறு டாலருக்கு மேல் கொடுத்துவிட்டு இதைக் கோட்டைவிடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

கீரை என்று நம்பி எடுப்பது

லுவாவ் என்பதே சேம்பு இலையின் பெயர். தேங்காய்ப்பாலில் வெந்த அந்தப் பச்சைக் குழம்பு கீரைக்கூட்டு மாதிரியே இருக்கும். உள்ளே கணவாயோ கோழியோ கிடக்கும். லோமி சால்மன் பார்வைக்குத் தக்காளிப் பச்சடி, உண்மையில் உப்பிட்ட பச்சை மீன். சைவர்கள் 'போய்' (poi) என்ற சேப்பங்கிழங்குக் களி, சர்க்கரைவள்ளி, ஹவுபியா என்ற தேங்காய்ப்பால் இனிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

போயைத் தனியாக நக்கிப் பார்ப்பது

போய் என்பது வேகவைத்து இடித்த சேப்பங்கிழங்கு. உப்பில்லாத சோறு மாதிரி. உப்புக்கறியோடு சேர்த்தால்தான் ருசி. ஹவாயின் பூர்வகுடி மக்களுக்கு, அவர்களின் பழங்கதைப்படி, அந்தக் கிழங்கு மூத்த அண்ணன் முறை. போய்க் கிண்ணம் திறந்திருக்கும்போது சண்டைகூடப் போடக்கூடாது என்பது அவர்கள் மரபு. அவர்கள் எதிரில் 'பசை' என்று முகம் சுளிக்காதீர்கள்.

வரவேற்புப் பூமாலையை (லெய்) மறுப்பது

கூடாது. போட்டவர் எதிரில் கழற்றவும் கூடாது.

பாஸ்போர்ட்டை அறையில் விடுவது

21 வயதுக்குச் சான்று இல்லையென்றால் மது கிடையாது.

நெருப்புக் கத்தி ஆட்டத்தை ஹூலா என்பது

ஹூலா ஹவாயின் நடனம். நெருப்புக் கத்தி ஆட்டம் சமோவா தீவுகளினுடையது.