கழற்றிப் பூட்டும் கார்க் கூரை: வெடிப்பை அடைத்து, காற்றுக்கு அசையாமல் பூட்டும் முறை

எம்.ஜி.பி., எம்.ஜி. மிட்ஜெட் போன்ற பழைய திறந்த கார்களுக்கு மேலே பூட்டும் கடினக் கூரைகள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. கடற்காற்று விடாமல் வீசும் திருகோணமலையில் அப்படியொரு கூரையை நல்ல நிலையில் வைத்திருக்கக் கவனம் வேண்டும். வெடிப்பைக் கண்டதும் பலர் மேலே பட்டி பூசி வர்ணம் அடித்துவிடுகிறார்கள். அடுத்த வாடை மழைக்குள் அதே கோடு அதே இடத்தில் திரும்பி வந்துவிடும்.

வெடிப்பைக் கூர்ந்து பாருங்கள். அது பெரும்பாலும் ஒரு போல்ட் துளையின் விளிம்பிலிருந்துதான் புறப்படும். கூரை காரோடு சரியாகப் படியாத இடத்தில் யாரோ போல்டை முறுக்கி இழுத்துப் படியவைத்திருப்பார். அந்த இழுப்பைக் கண்ணாடியிழை இரவும் பகலும் சுமக்கிறது. வீதியில் ஒரு குழி போதும், அது பிளந்துவிடும். ஆகவே வெடிப்பை அடைப்பது பாதி வேலைதான். கூரையைப் படியவைப்பது ரப்பரின் வேலை, பிடித்து வைப்பது மட்டுமே போல்ட்டின் வேலை என்பதை மனத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

மாசி முதல் சித்திரை வரை இந்த வேலைக்கு நல்ல காலம். வாடையில் ஈரம் அதிகம். கச்சான் காற்று தொடங்கிவிட்டால் ஈரமான ரெசின் மேல் புழுதி வந்து ஒட்டும்.

1. கழற்றிச் சோதித்தல்

தனியாகத் தூக்க வேண்டாம். இருவர் இருபுறமும் நின்று தூக்கி, பழைய மெத்தையின் மேல் கவிழ்த்து வையுங்கள். எந்த போல்ட்டுக்குக் கீழ் எத்தனை வாஷர் இருந்தது என்பதைக் கழற்றும்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்குத் தொழிற்சாலையிலேயே செய்த கூரைபோல உங்களுடையதும் இரும்பாக இருந்தால் இது வெல்டிங் வேலை. மூன்றாம் படி உங்களுக்கு வேண்டாம். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். பிறகு ஒரு நாணயத்தால் வெடிப்பைச் சுற்றித் தட்டுங்கள். உறுதியான இடம் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. பென்சிலால் அதை வட்டமிடுங்கள்.

2. பொருட்கள்

கண்ணாடியிழைப் பாயும் பொலியெஸ்டர் ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் இங்கே தேடி அலைய வேண்டியவை அல்ல. திருக்கடலூரிலும் பள்ளத்தோட்டத்திலும் கரையில் நிற்கும் பைபர் படகுகளைத் திருத்துவதும் இவற்றால்தான். படகு திருத்துபவர் ஒருவர் வேலை செய்வதை அரைமணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த விளக்கத்தையும்விட அது அதிகம் கற்றுத் தரும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் போதும். அசிட்டோன், 80, 120, 240 இலக்கச் சாண்ட் பேப்பர், கையுறை, முகமூடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவையும் வேண்டும். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்கு ஆபத்து. ரெசினோடு சேர்க்கும் கோபால்ட் ஊக்கியோடு ஹார்ட்னரை ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடித்துத் தீப்பற்றும்.

3. வெடிப்பை அடைத்தல்

வெடிப்பு முடியும் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று இடுங்கள். கோடு மேலும் ஓடாமல் அங்கே நிற்கும். அசிட்டோனால் துடைத்தபின், உட்புறத்தில் வெடிப்பின் இரு கரைகளையும் சரிவாகத் தேய்க்க வேண்டும். கூரையின் தடிப்பைப்போல் 12 மடங்கு தூரம் என்பது கணக்கு, 3 மி.மீ. தடிப்பென்றால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 35 மி.மீ. இவ்வளவு தேய்க்கப் பலருக்கும் மனம் வராது. ஆனால் ஒட்டு பிடிப்பது பரப்பினால்தான். இதில் குறைத்தால் ஒட்டு முழுதாகப் பெயர்ந்து வரும்.

பாயைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தின் இழைகள் அடுத்த அடுக்கோடு கலந்து, மேடு தெரியாமல் படியும். ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம் ஹார்ட்னர் சேர்ப்பது வழக்கம். நம் வெப்பத்துக்கு 1 சதவீதத்தை ஒட்டியே நில்லுங்கள், காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள், ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். முதலில் ரெசின் பூசி, பாயை வைத்து, தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்துக் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளையாக இருந்த பாய் மெல்லத் தெளிந்து, கீழே தேய்த்த தடம் தெரியத் தொடங்கும். வெள்ளைப் புள்ளி எஞ்சினால் அங்கே காற்று இருக்கிறது; அதை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். மூன்று அடுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. தடிப்பைத் தரும். மிஞ்சிய ரெசின் கிண்ணத்திலேயே சூடேறிப் புகையும். அதைத் திறந்த வெளியில் மணல்மேல் பரப்பி ஊற்றிவிடுங்கள்.

தேய்ந்து அகன்ற போல்ட் துளைகளையும் இதே முறையில் அடைத்துவிடுங்கள். மறுநாள் வெளிப்புறத்துக்குப் பட்டி, தேய்ப்பு. வர்ணத்துக்கு ஒரு வாரம் பொறுங்கள். பின்ஜன்னல் அக்ரிலிக் ஆக இருந்தால் அசிட்டோனோ தின்னரோ பட விடாதீர்கள். பட்டால் மயிரிழை வெடிப்புகள் விழுந்து மங்கிவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

4. பொருத்தம்

கல்லாக இறுகிய பழைய ரப்பரை உரித்துவிட்டு, புது ரப்பரை ஒட்டுங்கள். போல்ட் எதுவும் இல்லாமல் கூரையைக் காரின்மேல் வையுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் காருக்கும் இடையே வைத்து, மேலே கையால் லேசாக அழுத்தியபடி இழுங்கள். இறுகி வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை இப்படிச் சுற்றி வாருங்கள். இடைவெளியைத் தடித்த ரப்பராலோ, பூட்டுத் தகட்டின் கீழ் வாஷராலோ நிரப்புங்கள். இதில் ஒரு முழுக் காலை போனாலும் தகும்.

5. பூட்டுதல்

அந்தக் காலத்து எம்.ஜி. கார்களில் போல்ட்கள் அங்குல அளவு. 5/16 அங்குல யூ.என்.எஃப். (நெருக்கமான அங்குல மரை) போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; கடையில் எளிதாகக் கிடைக்கும் எம்8 போல்ட் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மரை வேறு. வலிந்து முறுக்கினால் காரிலுள்ள மரை அழிந்துவிடும். புது போல்ட் விரலாலேயே சில சுற்று உள்ளே போக வேண்டும்.

316 வகைத் துருப்பிடிக்காத எஃகு உப்புக்குத் தாங்கும். அது காரின் இரும்பைத் தொடும் இடத்தில் கிறீஸ் பூசாவிட்டால் இரும்புதான் அரித்துப் போகும். கூரையில் துளையை 9 மி.மீ. ஆக இட்டு, உட்புறம் 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை வாஷருக்குப் பதிலாக வையுங்கள். எல்லா போல்ட்களையும் கையால் நுழைத்தபின் எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ரப்பர் அமுங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள். முன்கண்ணாடிச் சட்டத்திலுள்ள கொக்கிகள் கட்டைவிரலின் அழுத்தத்தில் மூட வேண்டும். அடித்து மூட வேண்டியிருந்தால் திருகைத் தளர்த்திச் சரிசெய்யுங்கள்.

6. தண்ணீரும் வீதியும்

ஒருவர் டோர்ச்சோடு உள்ளே இருக்க, மற்றவர் குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக விடட்டும். எங்கே ஒழுகுகிறது என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

பிறகு உப்புவெளி வழியாக நிலாவெளி வரை ஓட்டிப் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் கூரையைத் தூக்கும் விசை நான்கு மடங்காகும். ஜன்னல் திறந்திருந்தால் உள்ளிருந்தும் காற்று தள்ளும். ஆகவே ஒரு போல்ட் குறைந்தாலும் கூரையோடு புறப்படாதீர்கள். திரும்பி வந்ததும் எல்லா போல்ட்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் அமுங்கி ஓரிரண்டு தளர்ந்திருக்கும். கடற்கரைப் பக்கம் நிறுத்தி எடுத்த நாளெல்லாம் ரப்பரின் ஓரத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, வாடை தொடங்குமுன், கூரையைக் கழற்றி அடியில் தேங்கிய உப்பையும் மணலையும் துடைத்தெடுங்கள்.